செம்பருத்திக்குப் போன தண்ணீர்

மாலை ஐந்து பத்துக்கு சொர்ணலதா பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து, காவல் அறை ஓரத்தில் பழைய பெயிண்ட் டப்பாவில் நிற்கும் செம்பருத்திச் செடியில் கவிழ்ப்பார். ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில். கழுத்து வரை தண்ணீர் இருக்கும். முழுவதும் இறங்கும்வரை பிடித்துக்கொண்டு நிற்பார். கடைசிச் சொட்டுக்காக அடியில் ஒரு தட்டும் தட்டுவார். பிறகு பாட்டிலைப் பைக்குள் போட்டு, தொப்பியைக் கழற்றி, பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பார். மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்கிற எங்கள் தொழிற்சாலையின் முன்வாசலில் நாலு வருஷமாக இது நடக்கிறது. மழை நாளிலும் நடக்கும். நனைந்துகொண்டிருக்கும் செடிக்கு ஒரு மனுஷி குடை பிடித்தபடி தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை என்றால் என் புத்தியை என்ன சொல்ல.

நான் அங்கே ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறேன். போல்ட்டையும் நட்டையும் எண்ணிக் கொடுத்த நேரம் போக மற்ற நேரத்தில் பத்திரிகைகளுக்கு மனிதர்களைப் பற்றி எழுதுகிறவன் என்று ஒரு நினைப்பு வேறு. இவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு நோட்டில் குறிப்பும் வைத்திருந்தேன். ‘செடிகொடிகள்மேல் பிரியம் உள்ளவர்’ என்பது அதில் முதல் வரி. இப்போது அந்தப் பக்கத்தைப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது.

வயது நாற்பத்தாறு. உயரம் அதிகமில்லை. கால்களைச் சற்றே அகட்டி, உடம்பின் கனத்தை இரண்டு பாதத்துக்கும் சரிபாதி பிரித்துக் கொடுத்து நிற்பார். நின்றே பிழைத்தவர்களுக்குத்தான் அப்படி நிற்க வரும். மாலையில் பூட்ஸ் கயிற்றைத் தளர்த்தினால் கணுக்கால் வீங்கியிருப்பது தெரியும். வெளியே போகிறவர்களிடம் ‘பையைக் காட்டுங்க’ என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வலது உள்ளங்கையை மேல்நோக்கி நீட்டுவார், அவ்வளவுதான். முகத்தில் கோபமும் இருக்காது, சிரிப்பும் இருக்காது. எதிரில் வருகிறவர் யாராக இருந்தாலும் பை தானாக அந்தக் கைக்குப் போய்விடும். எங்கள் பொது மேலாளரே ஒரு நாள் தன் தோல்பையைக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

“எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் எல்லோரையும் போல ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்ல மாட்டார்.

“ட்ரையிங் ஸ்மால், சார்.”

ரொம்ப நாள் அதை ஏதோ அரைகுறை இங்கிலீஷ் என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். ஒரு நாள் கேட்டேவிட்டேன். “அது லைபீரியாக்காரங்க பேச்சுங்க. ஒடம்பு எப்படின்னு கேட்டா அப்படித்தான் சொல்லுவாங்க. ஏதோ கொஞ்சம் பாத்துக்கிட்டிருக்கறமுங்க, அப்படீங்கற மாதிரி” என்றார். லைபீரியாக்காரர்கள் பேசுவது உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். “ஒரு வருசம் அங்கதானுங்க நின்னேன்” என்றார், பக்கத்து கேட்டைச் சொல்வது போல.

தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கம் ராமாபுரம் அவருக்கு ஊர். மக்காச்சோளமும் ராகியும் போடுகிற குடும்பம். இருபது வயதில் மத்திய போலீஸ் படையில் சேர்ந்தார். சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு, ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிப் பணிக்காக லைபீரியாவுக்குப் போன பெண்கள் அணியில் அவர் பெயரும் வந்தது. உள்நாட்டுச் சண்டை ஓய்ந்து, யாரும் யாரையும் நம்பாத நேரம். மன்ரோவியா நகரத்தில் ஓர் அரசுக் கட்டிடத்தின் வாசலில் நீல ஹெல்மெட்டும் துப்பாக்கியுமாக நின்றார். ஊர்வலம் கலவரமாகும்போலத் தெரிந்தால் இவர்களைத்தான் முன்வரிசையில் நிறுத்துவார்களாம். “பொம்பளைங்க நிக்கறதப் பாத்தா கல்லெடுத்தவனும் ஒரு நிமிசம் ரோசிப்பானுங்க. அந்த ஒரு நிமிசம் போதும்” என்றார். எறிபட்ட கல் ஒன்றின் தழும்பு முழங்கையில் இருக்கிறது. யோசிக்காதவனும் ஒருவன் இருந்திருக்கிறான்.

இருபது வருஷம் முடிந்ததும் படையிலிருந்து விலகி, மைசூருவில் வீடு பார்த்துக்கொண்டு, ஒரு செக்யூரிட்டி ஏஜென்சி மூலமாக எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தார். கணவர் கணேசன் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். ஒரே பெண் அஷ்வினி பி.யூ.சி. படிக்கிறாள்.

லைபீரியாவில் நின்றவர் என்று தெரிந்த இடமெல்லாம் மகளிர் தினத்துக்கு இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டில் பதினோரு சால்வை இருக்கிறதாம். ஒன்று மிக்ஸிக்கு உறை, ஒன்று சிலிண்டருக்கு. மேடைகளில் கேட்கிற கேள்வி மூன்றேதான். பயமாக இருந்ததா, சாப்பாடு எப்படி, குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள். “மூணாவதுக்கு பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குதுங்க. ஆம்பளைங்க அங்க ஆயிரக்கணக்குல இருந்தாங்க. அவுங்கள ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க” என்றார். என் நாக்கின் நுனியிலும் அந்த மூன்றாவது கேள்விதான் இருந்தது. விழுங்கிக்கொண்டேன்.

கேட்காமலே பிறகு ஒரு நாள் அவராகச் சொன்னார். அஷ்வினிக்கு அப்போது மூன்று வயது. கணேசனின் அக்கா ராமக்காள் ராமாபுரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார். ஒரு வருஷம் கழித்து இவர் போய் நின்றபோது, குழந்தை ராமக்காளின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, “அம்மா, யாரோ போலீஸு வந்திருக்குது” என்றதாம். அம்மா என்றது ராமக்காளை. அதைச் சொல்லிவிட்டு சொர்ணலதா தொப்பியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

இந்தப் பிப்ரவரியில்தான் விஷயம் ஆரம்பித்தது.

முன்வாசலில் அவருடன் நிற்கும் இன்னொரு காவலர் சுசித்ரா. ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பெண், ஐந்து மாதக் கர்ப்பிணி. கால்சட்டையின் இடுப்பைப் பிரித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு, ஏஜென்சிக்குத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். அந்த மாதத்தில் இரண்டு முறை காய்ச்சல் வந்தது. இரண்டாவது முறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிறுநீரில் தொற்று, தண்ணீர் நிறையக் குடிக்காவிட்டால் குழந்தைக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

குடிக்காததற்குக் காரணம் காவல் அறைக்குப் பின்னாலேயே இருந்தது. ஒரு கழிப்பறை. மூன்று வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டு வாடிக்கையாளர் சோதனைக்கு வருகிறார் என்று அவசரமாகக் கட்டினார்கள். கதவில் பெண் படம் ஒட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். சோதனை முடிந்ததும், சுத்தமாக இருக்கட்டும் என்று பூட்டிவிட்டார்கள். சாவி முந்நூறு மீட்டர் தள்ளி, நிர்வாகக் கட்டிடத்தில், பாதுகாப்பு அதிகாரி மனோஜ்குமாரிடம். ஜெனரேட்டர் அறைச் சாவி, கிடங்குச் சாவி எல்லாவற்றுக்கும் உள்ள அதே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். பெயர், நேரம், காரணம் என்று கட்டம் போட்டிருக்கும். அந்தக் காரணக் கட்டத்தில் என்ன எழுதுவது? பதிவேடு மேஜைமேல் திறந்தே கிடக்கும். டீ கொண்டுவருகிறவர் வரை எல்லோரும் புரட்டுவார்கள். நாலு பெண் காவலர்களும் எழுதுவதைவிடக் குடிக்காமல் இருப்பது மேல் என்று முடிவு செய்திருந்தார்கள். அந்தப் பூட்டிய கதவைத் தாண்டித்தான் நான் தினமும் ஸ்டோர்ஸுக்குப் போகிறேன். எங்கள் கட்டிடத்தில் ஆண்களுக்கு மூன்று இருக்கிறது. மூன்றுக்கும் பூட்டுக் கிடையாது.

டாக்டரிடம் காட்டிவிட்டு சுசித்ராவை ஆட்டோவில் வீட்டுக்கு ஏற்றி அனுப்பிய மாலையில் சொர்ணலதா வழக்கம்போல பாட்டிலைத் திறந்து செடியில் கவிழ்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“நீங்களும் குடிக்கிறதில்லையா?”

“காலையில அஞ்சரைக்கு ஒரு டம்ளர் குடிக்கறதுங்க. அப்புறம் வீட்டுக்குப் போயித்தான்.”

“பின்னே எதுக்கு இதைச் சுமந்துக்கிட்டு வர்றீங்க?”

அவர் காலிப் பாட்டிலின் மூடியைத் திருகி மூடிவிட்டுச் சொன்னார். வலப்பக்கச் சிறுநீரகம் சுருங்கிவிட்டது என்று போன வருஷம் டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்னொன்றையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்றிருக்கிறார். அதைக் கேட்ட நாளிலிருந்து அஷ்வினிதான் காலையில் பாட்டிலை நிரப்பிப் பைக்குள் வைக்கிறாள். “அதுக்கு முந்தி நானே ரொப்பிக்கிட்டு வருவேன். போலீசுல பழகுன பழக்கம், பாட்டில் நெறஞ்சிருக்கோணும். இப்ப சாயங்காலம் போனதும் ‘தோர்சும்மா’ங்கறா, காட்டுங்கறா. ஒரு கண்ண மூடிக்கிட்டு உள்ள எட்டிப் பாப்பா. காலியா இருந்தாத்தான் என்ற புள்ளைக்குத் தூக்கம் வருமுங்க.”

செம்பருத்தியில் அன்று ஏழு பூ இருந்தது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை எனக்கு.

“லைபீரியாவுல பழகுனதுதானுங்க இது” என்றார். வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். சண்டையில் உடைந்த ஊர், கட்டிடத்தில் குழாயே கிடையாது. ஆண்கள் சுவரோரம் போய்விடுவார்கள். இவர்களுக்கு முகாமுக்குத் திரும்பினால்தான் உண்டு. அந்த வெயிலில் கவச உடையோடு, தொண்டையை நனைத்துக்கொள்ள மட்டும் குடித்துப் பழகினார்கள். எதிரில் இஞ்சித் தண்ணீர் விற்கும் மூசு என்ற பெண் இரண்டு வாரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு நாள் சாலையைக் கடந்து வந்து, இவர் கையில் ஒரு சாவியை வைத்தாளாம். அவள் வீட்டுக்குப் பின்னால் தகரம் அடித்த கக்கூசின் சாவி. அப்புறம் ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டார்கள். தனியாக யாரும் போகக்கூடாது, வாசலும் காலியாகக்கூடாது. ஒருத்தி உள்ளே, ஒருத்தி தகரக் கதவுக்கு வெளியே, ஒருத்தி வாசலில். அந்த மூசுவின் மகள் பிறகு அந்த ஊர் போலீசில் சேர்ந்தாள். சீருடையில் அவள் நிற்கும் படம் சொர்ணலதாவின் செல்பேசியில் இருக்கிறது. எனக்குக் காட்டினார்.

“அங்கே மேலதிகாரிகளிடம் சொல்லிக் கேட்டிருக்கலாமே?”

“எங்க மேடத்துக்கிட்டச் சொன்னோமுங்க. அவுங்க எழுதிப் போட்டாங்க. ரொம்ப மாசம் கழிச்சு ஒரு பிளாஸ்டிக் கக்கூசுக் கூண்டு வந்துச்சு. ஆனா கேக்கறதுல ஒண்ணு இருக்குது சார். போறதுக்கு முந்தி டிரெயினிங்ல ஒரு ஆபீசர் சொன்னாரு. பொம்பளைங்கன்னா தனி ரூம்பு, தனி பாத்ரூம், தனி டென்ட். அதுக்கு ஆம்பளைங்களையே அனுப்பிச்சுரலாம்ன்னு. கேட்டா அனுப்ப மாட்டாங்க. கேக்கலீன்னா கிட்னி போயிரும்.”

இங்கேயும் அதேதான் காத்திருந்தது. மறுநாள் சொர்ணலதா மனோஜ்குமாரிடம் போய்ச் சாவியை வாசலிலேயே வைக்கக் கேட்டார். மனோஜ்குமார் கெட்ட மனிதர் இல்லை. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் உள்ளவர். பயந்தவர், அதுதான் அவருடைய நோய். “ஏனு மாடோது மேடம், என்ன செய்யறது, ரூல் இருக்குதல்லா” என்று கையைப் பிசைந்தார். நான் ஸ்டோர்ஸ் சாவிக்காக அங்கே நின்றுகொண்டிருந்தேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னதையும் கேட்டேன். ஏஜென்சிக்காரர்கள் ஏற்கெனவே, பெண்களை வைத்தால் தொந்தரவு என்று எழுதியிருக்கிறார்களாம். புகார் என்று போனால் நாலு பேரையும் எடுத்துவிட்டு, ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு மட்டும் ஒரு பெண்ணைப் பை பார்க்க அனுப்பிவிடுவார்களாம். சுசித்ராவின் கர்ப்பம் தெரிந்தால் அவள்தான் முதலில்.

“உங்க நல்லதுக்குச் சொல்றேன், சும்மா இருந்துடுங்க” என்றார். சொர்ணலதா ஒரு சல்யூட் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் நானும் ஸ்டோர்ஸ் சாவிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் மனிதவளப் பிரிவு அனுப்ரியா எதற்கோ பழைய கோப்பைப் புரட்டியபோது, லைபீரியா அவர் கண்ணில் பட்டுவிட்டது. ஓடியே வந்தார். “மேடம், யூ.என்.ல இருந்திருக்கீங்க! இத்தனை நாளா சொல்லவே இல்லையே!”

“யாரும் கேக்கலீங்களே மேடம்.”

மார்ச் எட்டுக்கு விழா. இந்தத் தடவை அமைதிப் பணியில் பெண்கள் என்பதுதான் பொருள் என்று முடிவானது. நீலத் தொப்பியோடு வர வேண்டும், மூன்று நிமிஷம் பேச வேண்டும். பேனரில் சொர்ணலதாவின் படம் போட்டார்கள். அந்த பேனரை எங்கே கட்டினார்கள் தெரியுமா? வெயில் படாமல் இருக்கட்டும் என்று, பூட்டிய கழிப்பறைச் சுவரில்.

கேன்டீன் கூடத்தில் அறுநூறு பேர். சுசித்ரா கடைசி வரிசையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேக் வெட்டியாயிற்று, எல்லோருக்கும் ரோஜாப்பூ கொடுத்தாயிற்று. பொது மேலாளர் சால்வை போட்டார். அது பன்னிரண்டாவது. சொர்ணலதா மைக் முன்னால் வந்து, பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். கன்னடத்தில்தான் பேசினார். அவர் சொன்னதை இங்கே தமிழில் தருகிறேன்.

“லைபீரியா போய் முதலில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று அனுப்ரியா மேடம் கேட்டார். தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன்.”

கூடம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, சிரிப்பு அடங்கக் காத்திருந்தார். பிறகு குழாயில்லாத வாசலைச் சொன்னார். மூசுவைச் சொன்னார். தகரக் கதவின் சாவியை அவள் எப்படிக் கொண்டுவந்து வைத்தாள் என்பதைச் சொன்னார். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. காலை ஆஜர் வாசிப்பது மாதிரித்தான் இருந்தது. “அவள் என்னிடம் கையெழுத்துக் கேட்கவில்லை. காரணமும் கேட்கவில்லை” என்றார். அதோடு பேச்சு முடிந்துவிட்டது. கைதட்டலாமா என்று எல்லோரும் அனுப்ரியாவைப் பார்த்தார்கள்.

சொர்ணலதா பாட்டிலைத் திறந்து குடிக்க ஆரம்பித்தார். நாலைந்து மிடறு குடித்து வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தோம். வைக்கவில்லை. தொண்டை ஏறி இறங்கியது. மைக் பக்கத்தில் இருந்ததால் ஒவ்வொரு மிடறும் கூடம் முழுக்கக் கேட்டது. நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினார், கண்ணில் நீர் கோத்திருந்தது, மறுபடி தூக்கினார். பழக்கமில்லாத உடம்பு. எனக்கு அவர் குடிப்பதைப் பார்க்க வேதனையாக இருந்தது. முன்வரிசையில் மனோஜ்குமார் ரோஜாப்பூவை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

முழுவதும் குடித்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி, நேராக மனோஜ்குமாரின் முன்னால் போய் நின்றார். வலது உள்ளங்கையை மேல்நோக்கி நீட்டினார். கோபம் இல்லை, சிரிப்பு இல்லை. தினமும் ஐந்து மணிக்கு எங்கள் பைகளுக்காக நீளும் அதே கை.

மனோஜ்குமார் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார். சாவி அங்கே இல்லை. “ரிஜிஸ்டர்…” என்று ஏதோ ஆரம்பித்தார்.

“அதையும் கொண்டாங்க சார். காரணம் நானே எழுதறேன்” என்றார் சொர்ணலதா.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொது மேலாளர் மனோஜ்குமாரைத் திரும்பிப் பார்த்தார். வேறொன்றும் செய்யவில்லை. அந்தப் பார்வை போதுமாயிருந்தது. மனோஜ்குமார் எழுந்து ஓடினார் என்றே சொல்ல வேண்டும். போய் வர ஏழெட்டு நிமிஷமாவது ஆகியிருக்கும். அதுவரை அறுநூறு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். சொர்ணலதா நீட்டிய கையை மடக்கவில்லை. மனோஜ்குமார் சாவியை மட்டும் கொண்டுவந்தார், பதிவேட்டைக் கொண்டுவரவில்லை. சாவி கைக்கு வந்ததும் சொர்ணலதா கூடத்தின் கடைசிவரை நடந்து, சுசித்ராவைத் தோளில் தொட்டுக் கூட்டிக்கொண்டு வெளியே போனார்.

அன்று மாலை நான் வாசலுக்கு வந்தபோது காவல் அறைக்குள் ஆணி அடித்துச் சாவியை மாட்டியிருந்தது. சுசித்ரா கழிப்பறைக்குப் போயிருந்தாள். அவள் இடத்தையும் சேர்த்துப் பார்த்தபடி சொர்ணலதா நின்றார். முகம் வெளுத்திருந்தது. மனோஜ்குமார் வந்து சொல்லிவிட்டுப் போனாராம், ஏஜென்சியிலிருந்து கடிதம் நிச்சயம் வரும், நாலு பேருக்கும் வரலாம் என்று.

“வரட்டுங்க. இத்தன நாள் கேக்காமயே இருந்தனே, என்னத்தக் காப்பாத்துனேன்?” என்றார். ஒடம்பு எப்படி என்று கேட்டேன். “ட்ரையிங் ஸ்மால்” என்றார், என் பையைப் பார்க்காமலே போகச் சொல்லித் தலையசைத்து.

ஐந்து பத்து ஆனது. பாட்டிலை எடுத்தார், மூடியைத் திருகினார், நாலு வருஷப் பழக்கத்தில் செம்பருத்தியின்மேல் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. அடியில் ஒரு தட்டுத் தட்டினார். அப்படியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பாட்டிலைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, குழாயடிக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்து செடிக்கு ஊற்றினார்.